பதினெட்டு சென்டி

ஹலோ... மெல்கர்தானே? நான் ஹியால்மர் பேசறேன்பா, ஏரிக்கரை விடுதி... ஆமா, ஆமா, இன்னும் ஆஸ்பத்திரியிலதான். இடுப்பு எலும்பாச்சே, மூணு வாரத்துல கூடிடுமா?... சரி, அதை விடு. காலையில மாத்திரை குடுக்க வந்த நர்ஸ் சொல்றா, "எந்த ஏரியில ஐஸ் கெட்டியா இருக்கு, எங்க சறுக்கலாம்னு கூகுள்ல தேடினா உங்க விடுதி வெப்சைட்தான் முதல்ல வந்து நிக்குது"ன்னு...

சந்தோஷம்தான்பா. போன வருஷம் எங்கயோ அடியில கிடந்தோம்... வெப்சைட்டை உன்கிட்ட விட்டப்புறம்தான் மேல வந்தோம், கெட்டிக்காரன்தான் நீ, யார் இல்லேன்னா? விஷயம் அதில்ல. அவ போனை வாங்கிப் பார்த்தேன். "இன்று, மார்ச் பதினாலு. ஐஸ் கனம் பதினெட்டு சென்டி. அளந்தவர் ஹியால்மர்." நான் எப்படா அளந்தேன்? கக்கூசுக்குப் போகவே ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கு!

...என்னது? தேதி தானா மாறுமா?... தினம் புதுசா தெரிஞ்சாத்தான் கூகுள்காரன் மேல ஏத்துவானா?... யாரைக் கேட்டு வச்சே?... எல்லாரும் செய்யறதுன்னா செருப்புக் கடைக்குச் செய்டா! இங்க ஐஸை அளந்தவன் கீழ பேரைப் போட்டா, அது சத்தியம் பண்ணின மாதிரி. அதைப் பார்த்துத்தான் ஆளுங்க இறங்குவாங்க...

டேய், அந்தப் பதினெட்டு மூணு வாரத்துக்கு முந்தி! ஒரு வாரமா வெயில் காயுது, ஜன்னல்ல கூரைத் தண்ணி சொட்டுது. ஓடை வந்து விழற முனை இப்ப ஒரு நாயைக்கூடத் தாங்காது. உடனே எடு அதை... எங்க இருக்கே?... லீவு போட்டுட்டு மலைக்குப் போயிட்டியா? லேப்டாப்பு?... கார்லயா? காப்பியைக் கீழ வச்சிட்டு ஓடுடா!

...ம்... ம்... ஓடிக்கிட்டே சொல்லு. இன்னிக்கு எத்தனை பேர் பார்த்திருக்காங்க?... எத்தனை?... நானூறா. ஐயோ.

...நர்ஸை விட்டு நூத்திப் பன்னெண்டுக்கு, அவசர உதவிக்குச் சொல்லிட்டேன்பா. மீட்பு ஆளுங்க வந்து சேர அரை மணி ஆகுமாம்... விடுதியில யாரு இருக்கா, பூட்டித்தான் கிடக்கு... டூவாவா? என் மக நார்வேயில இல்ல இருக்கா. விழுந்ததையே அவகிட்ட சொல்லல. சொன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா. "யார் என்ன சொன்னாலும் ஐஸ்ல இறங்காதே, அப்பா பேர் இருந்தா மட்டும் இறங்கு"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த பொண்ணு...

கார்கிட்ட வந்துட்டியா?... சரி, சரி, திற... இரு. ஏதோ படம் வந்திருக்கு. டூவாதான். ஆரஞ்சுத் தொப்பி... பின்னாடி...

பின்னாடி நம்ம படகுத்துறைடா.

...சும்மா இரு, படிக்கிறேன். "சொல்லாம வந்து நிக்கலாம்னு பார்த்தா வீடு பூட்டியிருக்கே, எங்க போயிட்டேப்பா? காலையில அளந்திருக்கே, பார்த்தேன். ஓடை முனை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரேன்."

...எப்படிடா கூப்பிடுவேன்? சறுக்கக் கிளம்பினா போனைத் தண்ணி புகாத பையில போட்டு இறுக்கிக் கட்டிடுவா. எடுக்க மாட்டா... எடுக்கவே மாட்டா. நான்தான் பழக்கி வச்சேன்... வைடா போனை. வை!