துடக்கு வீட்டு வாக்கு

தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போச்சு, மேரிசெலின் அக்கா. பறவாயில்லை, குடிப்பன். விசாரணைக்கெண்டு கூப்பிட்ட ஆளுக்கும் முதல்ல தேத்தண்ணி வைச்சுக் குடுக்கிறது எங்கட சனம்தான்.

நீங்கள் மூண்டு பேரும் என்னட்டக் கேக்கப்போறது குணசேகரம் அண்ணையின்ர தம்பி சுபாங்கனைப் பற்றி. ஒளிக்கிற எண்ணம் எனக்கில்லை. ஆனா மேலவையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால், நான் ஏதோ பெரிய பாதகம் செய்த மாதிரி உங்களுக்குத் தெரியும். அதால மேலவையில இருந்து துவங்கிறன்.

டென்மார்க் தமிழருக்கெண்டு ஒரு பேரவை வைச்சு, அதுக்குக் கீழவை, மேலவை எண்டு ரெண்டு அவை வேணுமெண்டு சட்டதிட்டம் போட்டு யாப்பு எழுதினது இந்தக் குகநேசன், நான்தான். அந்த நேரம் நான் அல்பர்ட்ஸ்லுண்டில முதியோர் இல்லத்தில வேலை. காலமையில நான் குளிக்க வாக்கிற டெனிஷ் கிழவர் ஒருத்தருக்கு இதைப் பெருமையாச் சொன்னனான். "நாங்கள் எங்கட மேலவையை ஐம்பத்து மூண்டாம் ஆண்டே மூடிப்போட்டமே, நீங்கள் இப்பதான் திறக்கிறியளோ?" எண்டு கேட்டார். நாடு இருக்கிறவைக்கு ஒரு அவை காணும், நாடில்லாதவைக்குத்தான் ரெண்டும் வேணும் எண்டு சொல்லிக்கொண்டே தலைக்குத் தண்ணியை வாத்தன். சவுக்காரம் கண்ணுக்குள்ள போயிட்டுது, மனுசன் பேந்து ஒண்டும் கேக்கேல்லை.

யாப்பின்படி மேலவையில அரைவாசிப் பேர் தவணை நடுவில இறங்க வேணும். அந்த இடங்களுக்கு மட்டும் ஒரு தேர்தல். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில வந்து விழுந்தது. ஓம், வன்னியில சனத்தை ஒரு துண்டுக் கடற்கரைக்குள்ள நெருக்கிச் செல் குண்டு அடிச்சுக்கொண்டிருந்த அதே மே மாதம். எனக்குத் தெரியாமலில்லை. கண்டனத் தீர்மானம் எல்லாம் ஆர் கொண்டுவந்தது? நான்தான். மேலவைத் தலைவருக்குச் சால்வை சிவப்போ மஞ்சளோ எண்டு கதைச்சுக் கதைச்சு ஒரு கூட்டம் முழுக்கப் போனது உண்மைதான். ஆனா அந்தக் கூட்டத்தையும் எழும்பி நிண்டு அஞ்சலி செய்து போட்டுத்தான் துவங்கினனாங்கள்.

இறங்க வேண்டிய இடங்களில ஒண்டு தலைவரின்ர, அதாவது என்ர. எனக்கு எதிராக் குணசேகரம் அண்ணை நிண்டார். அவரிட்டக் கொள்கை எண்டு இருந்தது ஒரு வசனம்தான். மேலவையைக் கலைச்சுப்போட்டு எல்லாரும் கோப்பன்ஹேகன் நகரசபைக்கு முன்னால போய்க் குந்துவம் எண்டார். சனத்துக்கு இப்பிடியான கதை கெதியாப் பிடிக்கும். அதோட அவருக்குச் சொந்தம் எக்கச்சக்கம். அல்பர்ட்ஸ்லுண்டில ஒரு வீட்டு மணியை அடிச்சால் திறக்கிறது அவரின்ர பெரியப்பாவின்ர பேரனாத்தான் இருக்கும். அவையெல்லாம் ஒண்டா வந்தால் நான் இல்லை. நான் இல்லையெண்டால் மேலவையும் இல்லை. பேரவையின்ர நிலைமையை இதுக்கு மேல எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

வாக்கெடுப்பை எங்கட பிள்ளையார் கோயில் மண்டபத்தில வைச்சது வாடகை இல்லையெண்டபடியால். நீங்கள்தான், அக்கா, பள்ளிக்கூடத்தில வைப்பம் எண்டு சொன்னனீங்கள். அப்ப என்ர மனசில ஒண்டும் இருக்கேல்லை, சத்தியமா. வேதக்காரர் எண்டபடியால் உங்களுக்குத் துடக்கின்ர வில்லங்கம் தெரியாது. ஒரு வீட்டில சாவு எண்டால் அந்த வீடு மட்டுமில்லை, தகப்பன் வழி உரித்துக்காரர் எல்லாருக்கும் துடக்கு. முப்பத்தொண்டாம் நாள் கழியிற வரைக்கும் கோயில் வாசல் மிதிக்கேலாது. ஆனா அதுக்குள்ளயும் ஒரு நியாயம் இருக்கு. செய்தி காதில விழுந்தாத்தான் துடக்கு. விழாத வரைக்கும் செத்த வீட்டுக்காரனும் சுத்தமான ஆள்தான்.

அந்த நாளில வன்னியில இருந்து ஆரும் போன் எடுத்துக் கதைக்கிறதெண்டால் பேரவை மொபைலுக்குத்தான் எடுப்பினம். அது என்னட்டத்தான் இருந்தது. நான்தான் ஆக்களுக்குச் செய்தி சொல்லுவன். என்னை முன்மொழிஞ்ச மாமாங்கம் அண்ணையின்ர சித்தப்பா செல் விழுந்து மோசம் போயிட்டார் எண்டு ஒருநாள் வந்தது. சொன்னால் அவரும் அவரின்ர ஆக்களும் துடக்கு. சொன்னாப்போல செத்தவர் எழும்பப்போறாரோ? தேர்தல் முடியட்டும் எண்டு வைச்சிருந்தன். மனுசன் அதுமட்டும் நிம்மதியாச் சாப்பிட்டுக்கொண்டு திரிஞ்சார். அதில ஆருக்கும் நட்டமில்லை எண்டுதான் இப்பவும் சொல்லுவன்.

பேந்துதான் சுபாங்கன் எடுத்தது. சற்றலைற் போனில, இரைச்சலுக்குள்ள. காலில காயம், பழுதாகத் துவங்கிட்டுது, மகள் நிலானி மட்டும் கூட நிக்கிறாள் எண்டு சொன்னவர். காயக்காரரை ஏத்துற செஞ்சிலுவைக் கப்பல் இன்னும் வருது, வெளிநாட்டில இருக்கிற சொந்தம் பேரைக் குடுத்து நெருக்கினால் ஏத்துவினம் போல கிடக்கு, அண்ணையிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ எண்டார். சொல்லுறன் எண்டனான். அவர் நன்றி சொன்னார், நல்ல மரியாதையான ஆள்.

நான் குணசேகரம் அண்ணை வீட்டை போய்ச் சொன்னன். காயம் எண்டு சொல்லேல்லை. மோசம் போயிட்டார் எண்டு சொன்னன்.

வழியில நான் யோசிக்காமல் போகேல்லை. அந்தக் கடற்கரையில காலில காயத்தோட கிடக்கிற ஆள் எத்தினை நாளைக்கு? கப்பலில ஏத்துவினம் எண்டதும் அவையின்ர நம்பிக்கைதானே, ஆரும் உறுதி குடுக்கேல்லை. எப்பிடியும் வரப்போற செய்தி. நான் அதைக் கொஞ்சம் முந்திக் கொண்டுபோய்ச் சேத்தனான். அண்ணையின்ர மனுசி மனோரஞ்சிதம் அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. அண்ணை என்ர தோளில சாஞ்சு குழறினார். எனக்கும் அழுகை வந்தது, நடிப்பில்லை. செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாதெண்டு அண்டைக்குச் சாப்பாடு போனதும் என்ர வீட்டில இருந்துதான். என்ர மனுசி தங்கமலர் கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைச்சவ. அவவுக்கு ஒண்டும் தெரியாது, அவவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ.

அப்பிடி அவரின்ர ஆக்கள் முழுப்பேருக்கும் துடக்கு. ஒருத்தரையும் நான் வராதேங்கோ எண்டு சொல்லேல்லை. அவையளாவே வரேல்லை. எங்கட பண்பாட்டில எனக்குப் பெருமை வாற இடம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. குணசேகரம் அண்ணை மட்டும் வந்து வெளியில, சைக்கிள் விடுற இடத்தில நிண்டார். பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய் அவரின்ர வாக்கையெண்டாலும் எடுப்பம் எண்டு, அக்கா, நீங்கள் கேட்டனீங்கள். பிள்ளையாருக்கு முன்னால வைச்ச பெட்டியைத் துடக்குக்காரன் தொடேலாது எண்டு நான் தீர்ப்புச் சொன்னன். அந்தத் தீர்ப்பில பிழை இருந்தால் இப்பவே எடுத்துக் காட்டுங்கோ.

வாக்கு எண்ணிக்கொண்டிருக்கேக்க மொபைல் அடிச்சது. உள்ளுக்குச் சத்தம், அதால வெளியில போய்க் கதைச்சன். நிலானி. சின்னக் குரல்.

"அப்பாவால கதைக்கேலாமல் கிடக்கு. பெரியப்பாவிட்ட ஒருக்காக் குடுங்கோ மாமா," எண்டாள்.

பெரியப்பா என்னைப் பாத்துக்கொண்டுதான் நிண்டார். கைநீட்டினால் மொபைலைக் குடுக்கலாம், அவ்வளவு கிட்ட. என்னைக் கண்டு தலையைக் கூட ஆட்டினவர். நானும் ஆட்டினன். ஆனா நீங்களே சொல்லுங்கோ, எண்ணி முடியாத தேர்தலுக்கு நடுவில, செத்தவரின்ர மகள் எடுத்து அப்பா உயிரோட கிடக்கிறார் எண்டு சொன்னால், முழு வாக்கெடுப்பும் செல்லாமல் போகும். யாப்பில அதுக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. எழுதேக்க நான் அதை யோசிக்கேல்லை, அது என்ர குறைதான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

"பெரியப்பா வேலைக்குப் போட்டார் பிள்ளை. செவ்வாய்க்கிழமை எடும், கதைக்கலாம்," எண்டு சொன்னன். செவ்வாய்க்கிழமை எண்டது, திங்கள் பின்னேரம் பதவியேற்பு இருந்தபடியால். ஓம் மாமா எண்டு வைச்சிட்டாள். சொல்வழி கேக்கிற பிள்ளை.

தேர்தலில வெண்டன். சால்வை மஞ்சள்தான். பேந்து கப்பல் நிண்டுபோச்சு, பேந்து சண்டையே முடிஞ்சுது. சுபாங்கன் அதே கடற்கரையில மோசம் போனார். நான் அண்ணை வீட்டில சொன்ன செய்தியில பொய்யெண்டு மிஞ்சினது கொஞ்ச நாள் வித்தியாசம் மட்டும்தான். முகாமில இருந்து நிலானி பெரியப்பாவைக் கண்டுபிடிச்சு இதெல்லாம் சொன்னபடியால்தான் இப்ப நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறியள். பிள்ளை தப்பினதில எனக்கும் பெரிய சந்தோசம்.

குணசேகரம் அண்ணை, நீங்களும் அந்த மூலையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறியள். ஏதும் கேக்கிறதெண்டால் கேளுங்கோ.

"நான் வாசலில நிண்டனானடா."

ஓம் அண்ணை, நிண்டனீங்கள். குளிருக்குள்ள நிண்டனீங்கள், எனக்கு மனவருத்தம்தான். நான் காயத்தைச் சாவெண்டு சொன்னது உண்மை. உங்களை முன்னால வைச்சுக்கொண்டு வேலைக்குப் போட்டார் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொன்னதும் உண்மை. எல்லாத்தையும் எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஆனா இதையும் சேத்து எழுதுங்கோ. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டனான். மொபைலைச் சார்ஜ் போட்டு, குளிக்கப் போகேக்கயும் கூடக் கொண்டுபோய், உங்களிட்டக் குடுக்கிறதுக்கெண்டே விடிய விடியக் கையில வைச்சிருந்தனான். நான் சொன்ன சொல்லில நிண்டனான். எடுக்காமல் விட்டது அந்தப் பிள்ளைதான்.