உதைக்காத தோட்டா

இல்ல தம்பி, வண்டில மான் எதுவும் இல்ல. நான் வேட்டைக்கே வரல. பின்னாடி வேணும்னா பாத்துக்குங்க, ஒரு உதிரி டயரும் உப்பு மூட்டையும்தான் கிடக்கு. இந்த வேட்டைச் சோதனைச் சாவடிக்கு உங்களத் தேடித்தான் வந்தேன். மலை மேல உங்க ஆளு இன்னொருத்தர் நிப்பாரே, அவரோட இந்த ரேடியோல பேசலாம்ல? செல்போன் அங்க எடுக்காது. எத்தன தடவ போட்டுட்டேன்னு எனக்கே தெரியாது.

நான் மார்வா. என் வீட்டுக்காரர் மேல போயிருக்காரு. ஆர்விட். ஆர்விட் டோலஃப்சன். பச்சை பிக்கப், பின்கதவு நசுங்கினது. வேட்டை சீசன் முதல் நாள்னா விடியுறதுக்குள்ள இந்த வழியாத்தான் போவாரு, உங்க நோட்டுல இருக்கும். ஆங், அதேதான், அந்தாளேதான். அவரு பாக்கெட்ல பத்து தோட்டா இருக்கு. பத்துல ஒண்ணு கெட்டது. அத உள்ள போட்டு விசைய இழுத்தாருன்னா துப்பாக்கி அவரு மூஞ்சியிலயே வெடிச்சிரும்.

எதுன்னு தெரியாதே. வெளிய இருந்து பாத்தா பத்தும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

கூப்பிடுங்க. நீங்க பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, கேக்குறதுக்கு நான் பதில் சொல்றேன்.

கடையில வாங்கினது இல்ல, வீட்டுல செஞ்சது. நான் செஞ்சது. என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆர்விட் கொட்டகையில பெரிய மேசை வச்சிருக்காரு, எல்லா சாமானும் அங்க இருக்கு. நான் அதத் தொடுறதில்ல. என்னோடது தனி. ஜாம் பாட்டில் அடுக்குற உள்ரூம்ல போட்டேன். மேசைன்னா பெரிய மேசை ஒண்ணுமில்ல, பழைய பள்ளிக்கூடத்த இடிச்சப்ப தூக்கிப் போட்ட கதவு. பாதியா அறுத்து, சுவத்துக் கட்டைல போல்ட் போட்டு முடுக்கிட்டேன். ஆடாம இருந்தாப் போதும்ல. தோட்டாவ அழுத்தி மூடுற கை மெஷின் ஒரு பெரியவர் செத்தப்புறம் அவங்க வீட்டு வாசல்ல வித்தது, துருவத் தேச்சு எண்ண போட்டேன். புனல் சமையக்கட்டுது. தராசு மட்டும் புதுசு, அதுலயும் இருக்கறதுலயே மலிவு. பல்பு ஒண்ணு. மொத்தமே அவ்ளோதான்.

இருங்க. அந்த வெடி எங்க கேட்டுது? வடக்குப் பக்கமா?

நல்ல பெரிய சத்தம். அப்ப அவரோடது இல்ல. அவரோடது மெத்துன்னுதான் கேக்கும். ஆனா கெட்டது ஒண்ணு இருக்கே, அது பெருசாத்தான் கேக்கும். வீட்டுல இருந்து வர்ற வழியெல்லாம் இதே பாடுதான் தம்பி. மலைல ஒவ்வொரு தடவ டமால்னு கேக்கும்போதும் வண்டி ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்.

என்ன சொல்றாரு உங்க ஆளு? வண்டி நிக்கிதா? வண்டி நின்னா ஆளும் பக்கத்துலதான் இருப்பாரு. தேடச் சொல்லுங்க. ஆரஞ்சுச் சட்டை, தோள்பக்கம் வெளுத்துப் போயிருக்கும்.

எப்படிக் கெட்டுதுன்னா, சாதாரணத் தோட்டான்னா இப்படி ஆகியே இருக்காது. அதுக்குப் பித்தளைக் கூடு நிறைய வெடிமருந்து போடுவோம். மறந்துபோய் இன்னொரு பங்கு கொட்டினா வழிஞ்சு மேசையெல்லாம் சிந்திரும், கண்ண மூடிக்கிட்டு செஞ்சாக்கூடத் தெரியும். நான் செஞ்சது, சுடும்போது துப்பாக்கி தோள்ல உதைக்குமே, அந்த உதை கம்மியான தோட்டா. அதுக்கு வேற மருந்து, கொஞ்சூண்டுதான் போடணும், கூட்டுக்கு அடியில கிடக்கும். ரெண்டு பங்கு விழுந்தாலும் உள்ளயே இருந்துக்கும். அதுக்குத்தான் குண்ட வச்சு மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுலயும் டார்ச் அடிச்சுப் பாக்கணும். எப்பவும் பாப்பேன் தம்பி, சத்தியமா. நேத்து மட்டும் பாக்கல. பாதி வேலைல எழுந்திரிச்சுப் போக வேண்டியதாப் போச்சு. லைட்ட அணைச்சுட்டுப் போய்ட்டேன். திரும்பி வந்தா எந்தக் கூடு வரைக்கும் போட்டேன்னு கொஞ்சம் தடுமாற்றம். சரி இதுதான்னு நினைச்சு மேல போட்டு, அவசர அவசரமா மூடிட்டேன்.

லைட்ட ஏன் அணைச்சேன்னு கேக்குறீங்களா? அணைச்சேன். விடுங்களேன் அத.

காலைல அவரு கிளம்பின பிறகு மீதி மருந்த டப்பால ஊத்தி எடை போட்டேன். செஞ்சது இருபது தோட்டா. இருபது பங்கு குறைஞ்சிருக்கணும். இருபத்தோரு பங்கு குறையுது. மலிவுத் தராசுதானே, அதுதான் பொய் சொல்லுதுன்னு அஞ்சு சென்ட் காசத் தூக்கி வச்சுப் பாத்தேன், அது சரியா அஞ்சு கிராம் இருக்கும். கரெக்டா அஞ்சு கிராம் காட்டுது. அதுமேலயும் பழி போட முடியல.

பத்த அவரு எடுத்துட்டுப் போய்ட்டாரு, பத்து வீட்டுல இருந்துச்சு. சுத்தியல் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள தோட்டாவச் சொருகித் தரைல ஓங்கி அடிச்சா குண்டு கழண்டு மருந்து கொட்டிரும். அடிச்சேன். முதல் ஒண்ணு, சரியா ஒரே பங்கு. ரெண்டாவது சரி. மூணாவது சரி. அஞ்சாவதுக்கு மேல கடவுளே, இது தப்பா இருக்கட்டும், இது தப்பா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே அடிக்கிறேன். பத்தாவதும் சரி. பத்தும் நல்ல தோட்டா தம்பி! அப்ப கெட்டது அவருகிட்ட இருக்கேன்னு அழுதுக்கிட்டு, வீட்டுச் செருப்போடயே வண்டிய எடுத்தேன். பாருங்க, காலப் பாருங்க.

என்னது? கிடைச்சிட்டாரா?

உயிரோட இருக்காரா? சுடலையே? இன்னும் சுடல. அப்பாடி. உங்க ஆளு போய் அந்தத் துப்பாக்கியக் கையில வாங்கச் சொல்லுங்க.

ஏன் முடியாது? ஓ, அவரு ஓடைக்கு அந்தப் பக்கமா. அவரு வாக்கிடாக்கிலதான் பேசுறாரா. சரி, அதுலயே சொல்லச் சொல்லுங்க. சொல்லியாச்சா?

சிரிக்கிறாரா?

என்ன சொல்லிச் சிரிக்கிறாரு? ‘நான் என் கையால செஞ்சது, ஒவ்வொண்ணையும் மூணு தடவ எடை போட்டிருக்கேன், மார்வாவ வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்க’ன்னா? மான் ரெண்டு இறங்கி வருதா? பேச்ச நிறுத்துங்கன்னா சொல்றாரு? ஐயோ, அந்தாளு எப்பவும் இப்படித்தான் தம்பி!

இருங்க, இருங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. கெட்டுப்போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாரு, அவரு செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. அவரு சொல்றதுல பொய் இல்ல. அவரு செஞ்சது எல்லாம் மூணு தடவ எடை போட்டதுதான். ஆனா அது பூராம் எங்க வீட்டு மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. பாக்கெட்ல இருக்கறது என்னோடது. நான்தான் டப்பாவுல மாத்தி வச்சேன். நேத்து அவரு பூட்ஸ் சத்தம் கேட்டுத்தான் லைட்ட அணைச்சேன், போதுமா?

நேத்து மட்டும் இல்ல. மூணு வருசமா. அவரு தோள்ல இரும்பு மூட்டு வச்சாங்க. இனிமே ரைஃபிள் உதை வாங்கினா அந்தக் கையத் தூக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மனுசன் ஒரு மாசம் சன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. காபி ஆறிப்போகும், தொட மாட்டாரு. அப்பத்தான் நான் போய் அந்தக் கதவ அறுத்தேன். மூணு சீசன், அவரு சுட்டதுல ஒண்ணுகூட அவரோடது இல்ல. தூரத்துல அடிச்சா குண்டு தாழ்ந்து போகும், குறி பாக்குற ஸ்கோப்பத் திட்டுவாரு. உதை ஏன் கம்மியா இருக்குன்னு கேட்டுரக் கூடாதுன்னு துப்பாக்கிக் கட்டைல ஒரு ரப்பர் வாங்கி மாட்டிவிட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, டாக்டருக்கு என்ன தெரியும், என் தோளு எப்படித் தாங்குது பாருன்னு. சொல்லிருங்க தம்பி. எல்லாத்தையும் சொல்லிருங்க. சீக்கிரம்.

சொல்லிட்டாங்களா?

என்ன சொன்னாரு?

வாக்கிடாக்கிய அணைச்சுட்டாரா. சரி, உங்க ஆளு தூரக்கண்ணாடி வச்சுப் பாக்குறாருல்ல? துப்பாக்கிய என்ன பண்றாரு? அதச் சொல்லுங்க.

திறக்குறாரா. எடுத்துட்டாரா, உள்ள இருந்தத எடுத்துட்டாரா? பாக்கெட்ல இருக்கறதையும் கொட்டுறாரா? மொத்தம் எத்தனன்னு பாக்கச் சொல்லுங்க. பத்து. பத்தும் கீழ.

மான் போய்டுச்சா? போகட்டும், போகட்டும்.

என்னது? உக்காந்துட்டாரா. தோளப் பிடிச்சுக்கிட்டா?

இல்ல தம்பி, ஆளு அனுப்ப வேணாம். அது வலி இல்ல. அந்தத் தோள மூணு வருசமா நான் வலிக்கவே விடல.