நிலவு எழும்ப முந்தி

குருநகரில் கூப்பன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண்ணின் புருஷன் முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போனவனாம். பக்கத்தில் நின்ற மூத்த பெண்ணிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவர் பிந்தேல்லை அக்கா. நிலவு எழும்ப முந்தி வாறன் எண்டவர். நிலவு இன்னும் எழும்பேல்லையே."

மூத்தவள் அவளையே பார்த்தாள்.

"நேற்று அமாவாசையெல்லே பிள்ளை? நிலவு எப்பிடி எழும்பும்? மற்ற வள்ளமெல்லாம் விடியவே வந்திட்டுது."

"அதுதான் சொல்லுறன். அவர் சொன்ன நேரம் இன்னும் வரேல்லை."

"நாளைக்குப் பிறை தெரியுமே. அப்ப என்ன சொல்லுவாய்?"

"அது படுற நிலவு அக்கா. மேற்கிலை தெரிஞ்ச உடனை கடலுக்குள்ளை போயிடும். பொழுதுபட எழும்புறது முழுநிலவு, பறுவத்துக்குத்தானே. அதுவரைக்கும் அவர் பிந்தினவர் இல்லை."

மூத்தவள் தன் முறை வந்ததும் எண்ணெயை வாங்கினாள். திரும்பி, அந்தப் போத்தலை அப்படியே இளையவளிடம் நீட்டினாள்.

"இந்தா, இதையும் கொண்டுபோ. பறுவம் வரைக்கும் லாம்பு எரியவேணுமே."

இளையவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. அவ்வளவு நாளுக்கு வேண்டாம்."