காக்கை வீட்டு மகள், வாத்து வீட்டு மருமகள்

அவைத்தலைவர் அவர்களே! நகர நீச்சல் சங்கத்துப் பெரியோர்களே! பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்திருக்கும் நண்பர் லாஹ்தினென் அவர்களே! எல்வீராவின் மகள் உர்தே! என் அருமை யெரோனிமாஸ்! எல்வீராவின் கையால் என்றோ ஒருநாள் தண்ணீரில் பிடித்துத் தள்ளப்பட்ட எலெக்ட்ரேனாய் நகரத்து மக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்துக்குப் பூவோடு வந்திருக்கிறீர்கள். வாசலில் நின்று பார்த்தேன், எல்லோர் கையிலும் இரட்டைப்படை. இத்தனை வருடமாக அவளுக்கு நாம் ஒற்றைப்படையில்தானே கொடுத்தோம்! பிறந்தநாளுக்குக் கொடுத்தோம், பரிசளிப்புக்குக் கொடுத்தோம், கல்யாணத்துக்குக் கொடுத்தோம். இன்றைக்கு, இறந்தவர்களின் கணக்கான இரட்டைப்படையில், அவளுக்குப் பூ வாங்க எனக்குக் கை வரவில்லை. அதனால் வெறுங்கையோடு வந்து நிற்கிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

யார் இந்த எல்வீரா? மார்பு நீச்சலில் இந்த நாட்டையே தன் பின்னால் வர வைத்தவள். பின்னால் வந்தவர்களில் முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடம் தொடங்கி அவளுடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டே நீந்தியவள் இந்த ரமுனே. அவள் முகத்தைவிட அவள் குதிகாலை எனக்கு நன்றாகத் தெரியும்!

லாஹ்தினென் ஐயாவுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான். ஆனால் அதன் வால் ஆளுக்கு ஆள் மாறும். வர்னாஸ் வீட்டு மகள் வர்னைத்தே. கைகலாஸ் கட்டிய மனைவி கைகலியேனே. வர்னா என்றால் காக்கை. கைகலாஸ் என்றால் ஆண் வாத்து. இந்தக் காக்கையும் அந்த வாத்தும் சேர்ந்து என்ன பாடு படுத்தின என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மார்ச்சில் லிதுவேனியாவில் நாம் சுதந்திரம் அறிவித்தோம். அதுவரை எல்வீரா எங்கே நீந்தினாலும் ஒலிபெருக்கி "சோவியத் ஒன்றியம்" என்றுதான் அவளை அழைத்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் மாஸ்கோவிலிருந்து தொலைபேசி. குழுவில் இடம் இருக்கிறது, உலகப் போட்டிக்குப் போகலாம், கிளம்பி வா என்றார்கள். பக்கத்தில் நான் நின்றேன்.

"நான் வரல. என் நாடு போற அன்னிக்கு நானும் போறேன்" என்றாள்.

"உன் நாட்டுக்கு நீச்சல் சங்கமே கிடையாதேம்மா!"

"யார் சொன்னது? நான் இருக்கேன், ரமுனே இருக்கா."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்து நான்கு வயதில் ஒரு நீச்சல்காரி காத்திருக்கத் தொடங்குகிறாள்! நாடு எப்போது போகும்? யாருக்குத் தெரியும்? அதுவரை அவள் தோளும் முழங்காலும் தாங்குமா? அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, லிதுவேனியா என்று சொல்லித் தன்னைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் மாஸ்கோ நமக்கு வரும் எரிஎண்ணெயை நிறுத்தியது. நம் நீச்சல் குளம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. அவள் என்ன செய்தாள்? நம் மின் நிலையத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஏரியில் வந்து விழுகிற இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுற்றிலும் குளிர், நடுவில் ஆவி, ஆவிக்குள் நாங்கள் இருவர். கரை நெடுகத் தூண்டில்காரர்கள். அவர்களில் ஒருவன் கத்தினான்.

"ஏ பொண்ணுங்களா! உங்களால மீனெல்லாம் ஓடிப் போச்சு! பேரென்ன உனக்கு?"

"வர்னைத்தே!"

"காக்காப் பொண்ணா? காக்காவுக்குத் தண்ணியில என்னடி வேலை?"

"உன் பேரென்ன?"

அவன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான்: "கைகலாஸ்."

"வாத்துக்குக் கரையில என்னடா வேலை? குதி!"

மக்களே, அவன் குதித்தான்! மேல்கோட்டோடு குதித்தான்! அதோ முன்வரிசையில் யெரோனிமாஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து விடிந்தது. பின்லாந்தில் ஒரு போட்டிக்கு, லிதுவேனியா என்ற பெயரிலேயே, நம்மை அழைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் எல்வீராவுக்கும் அவருக்கும் கல்யாணம். தேனிலவும் போட்டியும் ஒரே கப்பலில். பாவம், நடுவில் நான்!

அங்கே போனதும், வந்து சேர்ந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். புதுப்பெண் அல்லவா? பெருமை தாங்காமல் பெரிய எழுத்தில் போட்டாள்: எல்வீரா கைகலியேனே. இந்தத் தப்பை நம் ஊர்ப் பெண்ணைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்ய முடியும்!

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். "இந்தப் பேர்ல யாரும் இல்லையே. பாஸ்போர்ட்ல வர்னைத்தேன்னு இருக்கு."

யெரோனிமாஸ் முன்னால் வந்து நெஞ்சைத் தட்டித் தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். "நான் இவ புருஷன்."

"உங்க பேரு கைகலாஸ். இவங்க கைகலியேனேங்கறாங்க. பாஸ்போர்ட் வர்னைத்தேங்குது. இங்க மொத்தம் எத்தனை பேரு?"

"ரமுனே, அவர்கிட்டச் சொல்லு, எல்லாரும் ஒரே குடும்பம்தான்னு!" என்றார் யெரோனிமாஸ். எங்கள் மூவரில் அவர்கள் மொழி எனக்குத்தான் தெரியும்.

நான் மொழிபெயர்க்கவில்லை. மேசையைத் தட்டினேன். எல்வீரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சுடி ரமுனே. ரெண்டு வருஷம் காத்திருந்து, நானே என் பேரை அழிச்சுக்கிட்டேன்" என்றாள்.

கடைசியில் நடுவர் வந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நீந்தட்டும் என்றார். ஆனால் அறிவிப்பாளர் கையில் இருந்த தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொன்று எழுதி, அதையும் அடித்து, மேலே வேறு ஏதோ எழுதியிருந்தார்கள். ஒலிபெருக்கி ஒவ்வொரு தடமாகக் கூப்பிட்டது. நாடு, பெயர், கைதட்டல். ஆறாவது தடம் வந்தது. தாள் சலசலத்தது. அந்த மனிதர் திணறினார். பிறகு, படிக்க முடிந்ததை மட்டும் படித்தார்:

"லிதுவேனியா."

அவ்வளவுதான்! காக்கையும் இல்லை, வாத்தும் இல்லை. லிதுவேனியா!

அவள் அழுதாள். நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்துவிட்டது. கழற்றித் துடைக்க நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள். பாதி தூரம் கண் தெரியாமல் கோணல்மாணலாக நீந்தினாள். எட்டுப் பேரில் எட்டாவது. அவள் வந்து சுவரைத் தொட்டபோது மற்ற ஏழு பேரும் ஏறி உடை மாற்றப் போய்விட்டார்கள். கைதட்ட நாங்கள் இருவர்தான்.

ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினேன். "பரவாயில்லடி, விடு" என்றேன்.

"என்னடி பரவாயில்ல? லிதுவேனியா எட்டாவது வந்திருக்கு! போன வருஷம் வரைக்கும் லிதுவேனியா வரவே இல்லையேடி!"

அதற்குப் பிறகு அவள் வாங்கிய பதக்கங்களை உர்தே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாள், போய்ப் பாருங்கள். நான் சொல்ல வந்தது வேறு. பயிற்சியாளராக நம் குளத்துக்கு வந்த முதல் நாளே அவள் ஒரு சட்டம் போட்டாள். கடைசிப் பிள்ளை சுவரைத் தொடும்வரை ஒருவரும் தண்ணீரை விட்டு ஏறக் கூடாது. முதலில் வந்தவனும் நடுங்கிக்கொண்டே நிற்க வேண்டும், நின்று கைதட்ட வேண்டும். பெற்றோர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். சளி பிடிக்கிறதாம்! எல்வீரா அசைந்தாளா? அசையவில்லை.

போன வாரம் மருத்துவமனையில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காலையிலேயே தாழ்வாரம் நிறைந்துவிட்டது. தாடி நரைத்தவன், கைக்குழந்தைக்காரி, பள்ளிக்கூடப் பையோடு வந்த வாண்டு. செவிலி வந்து அதட்டினாள்.

"நீங்கல்லாம் யாரு? சொந்தமா? பார்த்தாச்சுன்னா கிளம்புங்க."

ஒருவரும் நகரவில்லை. கைக்குழந்தைக்காரிதான் பதில் சொன்னாள்: "டீச்சர் இன்னும் தண்ணியில இருக்காங்க. நாங்க ஏற மாட்டோம்."

மதியத்துக்கு மேல் அவள் போனாள். அதுவரை ஒருவரும் போகவில்லை. ஒரே ஒருவர்கூடப் போகவில்லை!

பிள்ளைகளே, நாளைக் காலை குளம் திறந்திருக்கும். எல்வீராவின் இடத்தில் நான் நிற்பேன். அவளைவிட எனக்குக் கோபம் அதிகம், உங்களுக்கே தெரியும். சட்டம் அதே சட்டம்தான். கடைசிப் பிள்ளை தொடும்வரை யாரும் ஏறக் கூடாது. சளி பிடித்தால் என்னிடம் வாருங்கள், மூக்கைத் துடைத்துவிடுகிறேன்.