வெளியே இருந்த தாழ்ப்பாள்

டொக்... டொக்... இருட்டினதும் வலைக்குடிலுக்குள் அந்தச் சத்தம் கேட்குமாம். கொஞ்சம் ஓயுமாம். திரும்பவும் டொக்... டொக்...

ரொம்பக் காலத்துக்கு முன்னால், புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில். பேய் என்றார்களாம். உள்ளே இருந்தது எங்கள் வீட்டு முன்னோரில் ஒருத்தி, தெக்கிலம்மாள். கைக்குழந்தைக்காரி. ஒற்றைத் தலைவலி தாங்காமல் கதவில் தலையை மோதிக்கொண்டிருந்தாள்.

அந்த வலி வந்தால் வெளிச்சம் ஆகாது, மீன்வாடை ஆகாது, ஒரே வாந்தி. "மருந்து தின்னா பால் விஷமாயிரும். பிள்ளையக் கொல்லப் பாக்கியாட்டி?" என்பாளாம் மாமியார். பொறுத்தாள், பொறுத்தாள், முடியாமல் பக்கத்தூர் வைத்தியர் ஆசானிடம் போனாள்.

"பிள்ளை பால் குடிக்கா?"

"இல்ல ஆசானே. மறக்கடிச்சாச்சு."

நனைந்திருந்த மார்பை முந்தானையால் மூடிக்கொண்டே சொன்னாளாம் அந்தப் பொய்யை.

மருந்துருண்டையை விழுங்கினாள். வலி போனது, பயம் வந்தது. பிள்ளை வீறிடுகிறது, பால் வடிகிறது, கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. சொன்னால் மானம் போகும். கொடுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ.

"பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்காதவ மனுஷியா? பேய்தான் பிடிச்சிருக்கு!" வலைக்குடிலுக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்களாம். வலியும் திரும்பி வந்தது.

புருஷன் சூசை அதே ஆசானைக் கூட்டி வந்தான். கதவு திறந்தது. நனைந்த சேலையைப் பார்த்தார் ஆசான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏட்டி கோட்டி பிடிச்சவளே, பால் குடுக்கேன்னு சொல்லியிருந்தா வேற மருந்துல்லா தந்திருப்பேன்!"

"ஒண்ணுமே தரமாட்டீயன்னு நெனச்சேன் ஆசானே."

"இப்பப் பாலைப் பீச்சிக் கீழ விடு. பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி குடுக்கட்டும். நான் சொன்ன பிறகு மடியில போடு."

"நாந்தான் அவ வாய அடைச்சேன்" என்று மாமியார் தலை குனிந்தாளாம்.

சூசை தாழ்ப்பாளை வெளியிலிருந்து பிடுங்கினான், கதவின் உள்பக்கம் அடித்தான்.

வெளிப்பக்கத்து ஆணித்துளைகள் இன்றும் இருக்கின்றன. கல்யாணமாகி வந்த எனக்கு நாத்தனார் அவற்றைத் தொட்டுக் காட்டித்தான் இதைச் சொன்னாள். எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்காரி மருந்துக்குப் போனால், "நான் பால் குடுக்கேன்" என்றுதான் பேச்சையே தொடங்க வேண்டும். நாளைக்கு டாக்டரிடம் நானும் அப்படித்தான் தொடங்க வேண்டும். தலைவலி வந்தவள் அந்த வலைக்குடிலில் படுப்பாள். பிள்ளையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

அப்படி முதலில் படுத்தவள் தெக்கிலம்மாள்தானாம். ஆசான் தந்த வேறு மருந்தைக் குடித்தாள். பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம்.