கேட்டுக்குள் பறக்கும் கார்

கரியாஹாட் சிக்னலில் பஸ் நின்று வெகு நேரமாகிவிட்டது. கொல்கத்தாவில் தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், என் முன் சீட்டுக் கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் உரக்கச் சொன்னார்:

"இப்ப என் வண்டி பறக்குதுடா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

"அந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரா? என்ன பண்ணினே?"

"இக்னிஷன் டைமிங்தான். டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி இத்தனூண்டு திருப்பினேன். ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடியே விழுது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே சீறுது."

"ரொம்ப முன்னாடி வெச்சா ஏத்தத்துல இன்ஜின் தட்டுமே. மேம்பாலத்துல ஏத்திப் பாத்தியா?"

"இன்னும் வெளியிலயே எடுக்கல."

"எடுக்கலையா? ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலத்துக்குப் பேர் கொடுத்திருக்கியேடா!"

"எப்படி எடுக்கறது? எங்க கேட்டை அடைச்சு பூஜைப் பந்தல் போட்டிருக்காங்க. துர்கா சிலை கரையறதுக்குக் கங்கைக்குக் கிளம்பினப்புறம்தான் என் வண்டி ரோட்டுக்குக் கிளம்பும்."

"பூஜைக் கமிட்டில போய் சண்டை போட வேண்டியதுதானே?"

கண்ணாடிக்காரரின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது.

"எங்க கேட்டு முன்னாடியே போட்டுக்கோங்கன்னு கமிட்டில எழுந்து சொன்னதே நான்தான். தெருவே கை தட்டிச்சு."

"உனக்கு ஏன்டா இந்த வேலை?"

"அப்ப வண்டி ஓடலையே."