கொஞ்சம் காவ்வா இருக்கட்டுமேன்னு

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் பெர்ரிப் படகில், என் முன்வரிசையில் ஓர் அக்காளும் ஆபீஸ் சட்டை போட்ட அவள் தம்பியும் இருந்தார்கள்.

"அம்மா ஃபேனோட புது பேட்டரி தலகாணி மாதிரி உப்பியிருக்குக்கா," என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "நல்லா சார்ஜ் ஏறியிருக்குபோல."

அக்காள் சிரிக்கவில்லை.

"சார்ஜரை எத்தனை வோல்ட்ல வச்ச?"

"நாலு புள்ளி மூணு அஞ்சு. பழசுக்கு அப்படித்தானே வச்சிருந்தோம்."

"புதுசுல என்ன போட்டிருக்கு?"

"நாலு புள்ளி ரெண்டுதான். கடையில தேத்தண்ணிய காவ்வா, திக்கா கேப்போம்ல? அது மாதிரி கொஞ்சம் கூட இருந்தா ரொம்ப நேரம் ஓடும்னு விட்டுட்டேன்."

"இது தேத்தண்ணி இல்லலா! பழசு அதைத் தாங்குற மாதிரி செஞ்சது. இது நாலு புள்ளி ரெண்டோட நிக்கணும். மேல ஏத்துனா உள்ள கேஸ் கட்டும், தீப்பிடிக்கும். இப்ப அது எங்க இருக்கு?"

"அம்மா கட்டில் பக்கத்துல."

"சுவிட்சை அடைச்சிட்டுத்தானே வந்த?"

அவன் திரும்பி, பின்னால் விலகிப்போகும் கரையைப் பார்த்தான். பிறகு போனை அழுத்தினான். "பிளக்கைப் பிடுங்கச் சொல்றேங்க்கா."

"அம்மாவ அதுகிட்ட போகச் சொல்லாதடா! வெளிய போகச் சொல்லு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை.